நீக்கிய கோப்பு எங்கே போகிறது?

கணிப்பொறியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டால் கோப்பு அழிந்துவிடுகிறதா? இல்லை. காந்தத் தட்டில் தகவல் அப்படியே இருக்கிறது. நூலின் பொருளடக்கத்தில் ஒரு தலைப்பை மட்டும் அடித்துவிட்டது போன்றது இது, பக்கங்கள் கிழிக்கப்படவில்லை. ஆனால் அவ்விடம் காலி என்று குறிக்கப்படுவதால், அடுத்து வரும் கோப்பு அதன்மேல் எழுதப்படலாம். எனவே, குடும்பப் படங்களைத் தவறி நீக்கிவிட்டால் அத்தட்டில் வேறெதையும் பதியாதீர்கள். மீட்கும் மென்பொருளைக்கூட அதில் நிறுவலாகாது!

போட்டோரெக் என்னும் இலவச மென்பொருள் பொருளடக்கத்தை நம்புவதில்லை, தட்டையே துழாவுகிறது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216 என்னும் இரு எண்களுடன் தொடங்கும். இவ்வடையாளத்தைக் கொண்டே அது படங்களைக் கண்டெடுக்கிறது. மீட்டவற்றை வேறொரு தட்டில் சேமியுங்கள். கோப்பின் பழைய பெயர் பெரும்பாலும் கிடைக்காது. எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தில் இவ்வாய்ப்பு குறைவு. டிரிம் என்னும் கட்டளை சென்றபின், காலியான இடத்தை அது தானே துடைத்துவிடும்.