பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறதா, கடைக்காரரிடம் இருக்கிறதா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நன்னிலம், பேரளம், குடவாசல் பக்கத்துப் பிள்ளைகள் பலர் போய் நிற்கும் இடம் இ-சேவை மையம் அல்லது பிரவுசிங் சென்டர். கல்லூரி விண்ணப்பத்துக்கு இ-மெயில் முகவரி வேண்டும். இல்லையென்றால் கடைக்காரரே ஐந்து நிமிடத்தில் ஒன்று தொடங்கிக் கொடுப்பார். பாஸ்வேர்டு? பெயரோடு 123, அல்லது பிறந்த தேதி.

அவசரத்துக்கு அது உதவிதான். ஆனால், தேர்வு எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்துத்தான் அரசுத் தளத்தில் மதிப்பெண் பார்க்கிறோம். ஒருவருக்கொருவர் ரிசல்ட் பார்த்துச் சொல்லும் நண்பர்களுக்கு அந்தத் தேதி மனப்பாடம். நாலு பேருக்குத் தெரிந்த ஒன்று எப்படிப் பூட்டாகும்?

இ-மெயில்தான் தலைமதகு

டெல்டா பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தலைமதகைத் திறந்தால் கிளை வாய்க்கால் எல்லாவற்றிலும் தண்ணீர் பாயும். எந்தக் கணக்கிலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால், புதிதாக மாற்றும் வழி பெரும்பாலும் இ-மெயிலுக்கோ செல்போனுக்கோதான் வருகிறது. இ-மெயில் பிறர் கையில் இருந்தால் மற்றவையும் அவர் கைக்குப் போய்விடும்.

இதில் பணமும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண், 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. 'உதவித்தொகை வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க' என்று பெற்றோரை அழைக்கும் மோசடிக்காரர்கள் குறிவைப்பது இதைத்தான். பணம் வாங்க யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. பின் கேட்டால், பணம் போகப்போகிறது என்று பொருள்.

நீளம்தான் பலம்

2009-ல் 'ராக்யூ' என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து சுமார் 3.2 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன. அதிகம் பேர் வைத்திருந்தது 123456! இப்படிக் கசிந்த பட்டியல்களை வைத்துத்தான் திருடர்கள் முதலில் முயல்வார்கள். ஓர் இடத்தில் கசிந்ததை மற்ற இடங்களிலும் போட்டுப் பார்ப்பார்கள். எனவே கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு அவசியம்.

ஆங்கிலச் சிறிய எழுத்து ஒன்று கூடினாலே கண்டுபிடிக்கும் வேலை 26 மடங்காகும். பம்பரம், துடைப்பம், நண்டு, ரசம் என்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமும் வரும்; மறக்கவும் மறக்காது. இதே நான்கை வைத்துவிடாமல் சொந்தமாக யோசியுங்கள்.

ஒரு பீரியட் போதும்

ஆசிரியர்கள் வகுப்பில் இவற்றைச் செய்யவைக்கலாம். யாருடைய உண்மையான பாஸ்வேர்டையும் கேட்கவோ கரும்பலகையில் எழுதவோ கூடாது.

* கடையில் தொடங்கிய இ-மெயிலின் பாஸ்வேர்டை மாற்றுவது. மீட்பு எண்ணாகக் கடைக்காரர் எண் இருந்தால், வீட்டு எண்ணைச் சேர்ப்பது.
* இ-மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போடுவது.
* பொதுக் கம்ப்யூட்டரில் வேலை முடிந்ததும் 'லாக் அவுட்' செய்வது. 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா?' என்று கேட்டால் மறுப்பது.
* வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண்ணை நண்பன் கேட்டாலும் தராமல், அவனுக்கே போன் செய்து விசாரிப்பது.

பணம் போய்விட்டால், திட்டுவார்களே என்று மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வங்கிக்கும் சொல்ல வேண்டும். தாமதமானால் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிடும். பல வீடுகளில் அம்மா, அப்பா, பிள்ளை மூவருக்கும் ஒரே செல்போன்தான். அதனால் பள்ளியில் கற்றதை அன்று இரவே வீட்டிலும் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.