வீட்டு இணைய இணைப்பு: வேகத்தை உயர்த்த வேண்டியது எப்போது?

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. சாதாரணத் தொலைபேசிக் கம்பியின் வழியே அன்று கிடைத்த வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட் என்ற அளவிலேயே இருந்தது. 2004-ஆம் ஆண்டின் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் தரும் இணைப்பையே அகன்ற அலைவரிசை, அதாவது பிராட்பேண்ட், என்று வரையறுத்தது. இவ்வரம்பு 2013-இல் 512 கிலோபிட் ஆகவும், 2023 ஜனவரியில் 2 மெகாபிட் ஆகவும் உயர்த்தப்பட்டது. ஒளியிழை வந்துவிட்ட நகர்ப்பகுதிகளிலோ 30 மெகாபிட்டில் தொடங்கி 1,000 மெகாபிட் வரை திட்டங்கள் விற்கப்படுகின்றன. ஆகவே குடும்பத்தின் முன் உள்ள கேள்வி மாறிவிட்டது. இணைப்புக் கிடைக்குமா என்ற கவலை போய், இருப்பதை உயர்த்த வேண்டுமா என்ற ஐயம் வந்துள்ளது.

தில்லியின் கரோல் பாக் வட்டாரம் இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகும். அரசுப் பணியின் பொருட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கு வாழ்கின்றன. அருகிலுள்ள பூசா சாலையில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இயங்குகிறது. பக்கத்துப் பழைய ராஜேந்திர நகரிலும் இங்கும் குடிமைப் பணித் தேர்வுக்குப் பயிலும் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் அறை எடுத்துத் தங்கியுள்ளனர். குறுகிய சந்துகள், ஒட்டி நிற்கும் அடுக்குத் தளங்கள், வீட்டுக்கு வீடு தொங்கும் கம்பிக் கற்றைகள் ஆகியவை எல்லாம் இணைய வேகத்தோடு தொடர்புடையவையே.

பழைய செப்புக் கம்பி இணைப்பில் தூரமே பகைவன். மகாநகர் டெலிபோன் நிகாம் நிறுவனம் 2005-இல் தில்லியில் அகன்ற அலைவரிசைச் சேவையைத் தொடங்கியபோது பயன்பட்டது இம்முறைதான். இதன் மேம்பட்ட வடிவம் தொலைபேசி இணைப்பகத்தை ஒட்டிய வீட்டுக்கு 24 மெகாபிட் வரை தர வல்லது. சில கிலோமீட்டர் தள்ளியிருந்தால் அதில் சிறு பகுதியே மிஞ்சும். வீட்டிலிருந்து அனுப்பும் வேகமோ இன்னும் குறைவு. ஒளியிழையில் இத்தொல்லை இல்லை. செப்புக் கம்பியை இன்னும் வைத்திருக்கும் வீட்டார் ஒளியிழைக்கு மாறுவது பற்றி நெடிது யோசிக்க வேண்டியதில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. யோசிக்க வேண்டியவர்கள் ஏற்கெனவே ஒளியிழை பெற்று, 30 அல்லது 40 மெகாபிட்டிலிருந்து 100 அல்லது 300-க்குச் செல்ல நினைப்பவர்களே.

பிட்டும் பைட்டும்

விளம்பரத்தில் காணும் எண் மெகாபிட். கணினித் திரையில் கோப்பின் அளவு மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பு விநாடிக்கு 12.5 மெகாபைட் மட்டுமே தரும். 1 ஜிகாபைட் கோப்பு ஒன்று 40 மெகாபிட்டில் ஏறத்தாழ 200 விநாடியிலும், 100 மெகாபிட்டில் 80 விநாடியிலும் வந்து சேரும். நாள்தோறும் பெரிய கோப்புகளைக் கையாளுவோர்க்கு இவ்வேறுபாடு பெரிது. மாதம் ஒருமுறை அத்தகைய கோப்பை இறக்குபவருக்கு, அந்த இரண்டு நிமிடத்தில் தேநீர் கூட ஆறாது.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரவு ஒன்பது மணி. பாட்டி மிக உயர்ந்த துல்லியமுள்ள படத்தைத் தொலைக்காட்சியில் காண்கிறார். இதற்கு நெட்பிளிக்ஸ் நிறுவனம் பரிந்துரைக்கும் வேகம் 15 மெகாபிட். மகளும் தந்தையும் தனித்தனியே சாதாரண உயர்துல்லியக் காட்சி பார்க்கின்றனர். ஆளுக்கு 5 மெகாபிட். மகன் அலுவலகக் காணொளிக் கூட்டத்தில் இருக்கிறான். சுமார் 4 மெகாபிட். கூட்டினால் 29. நால்வரும் ஒரே நேரத்தில் அமர்ந்தாலும் 40 மெகாபிட் போதும். ஆயினும் இக்குடும்பத்தில் படம் நின்று நின்று வருகிறது என்றால், காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

தடை எங்கே?

பெரும்பாலும் அது வீட்டுக்குள்ளேயே இருக்கும். கம்பியில்லா வைஃபை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும்போது ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே உண்டு. நான்கு தளங்கள் கொண்ட கட்டடத்தில், இரு பக்கச் சுவர்களையும் அண்டை வீடுகள் பகிர்ந்துகொள்ளும் தெருவில், இருபது முப்பது ரௌட்டர்கள் இந்த மூன்று தடங்களுக்காகப் போட்டியிடுகின்றன. இந்நிலையில் 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் கைப்பேசிக்கு வந்து சேருவது முன்பு வந்த அதே அளவுதான். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெரிசல் குறைவு. ஆனால் அது கனத்த சுவர்களைத் தாண்ட இயலாமல் தளர்ந்துவிடும். ரௌட்டரை வாசற்கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு உள்ளறையில் வேகமில்லை என வருந்துவோர் பலர். அதை வீட்டின் நடுவே கொண்டுவருவதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

இன்னொன்று: பழைய ரௌட்டர்களின் கம்பி வாயில்கள் 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தா. 300 மெகாபிட் வாங்கியவர் வீட்டில் அத்தகைய கருவி இருந்தால் மூன்றில் இரு பங்கு வீண். கஃபார் சந்தையில் புதிய ரௌட்டர் வாங்கச் செல்வோர், அதன் வாயில்கள் ஜிகாபிட் தரத்தைச் சேர்ந்தவையா, இரு அலைவரிசைகளிலும் அது இயங்குமா என இரண்டையும் கேட்டறிதல் நலம்.

வீட்டுக்கு வெளியே உள்ள தடை வேறு வகையானது. ஒளியிழை வலையமைப்புகளில் பரவலாக உள்ள ஜிபான் முறையில், ஒரே இழையின் 2,488 மெகாபிட் கொள்ளளவைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. 32 வீடுகள் என்று கொண்டால், அனைவரும் ஒரே நொடியில் முழு அளவில் பயன்படுத்தினால் ஆளுக்கு 77 மெகாபிட் வரும். அப்படி நேர்வது அரிது. அந்த நம்பிக்கையில்தான் 300 மெகாபிட் திட்டங்கள் விற்கப்படுகின்றன. கல்யாண வீட்டில் அழைத்தோர் அனைவருக்கும் ஒரே பந்தியில் இலை போடுவதில்லையே. நிறுவனம் அதற்கப்பால் போதிய கொள்ளளவு வைக்காவிட்டால் இரவில் நெரிசல் தோன்றும். அதை வாடிக்கையாளரின் திட்ட உயர்வு தீர்க்காது.

தூரத்தால் விளையும் தாமதமும் வேகத்துக்கு விற்பனைக்கு வராத பொருள். ஒளியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். தில்லிக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 1,750 கிலோமீட்டர் என்பதால், போய்வர 17 மில்லி விநாடிக்கு மேல் ஆகியே தீரும். இணையப்பக்கம் ஒன்று திறக்கப் பல சிறு கேள்வி பதில்கள் இவ்வாறு போய்வர வேண்டும். ஓரளவுக்கு மேல் மெகாபிட் கூடினாலும் பக்கங்கள் விரைவாகத் திறக்காமைக்கு இதுவே காரணம்.

மாணவர் நிலை

தேர்வு எழுதுவோர்க்கு இறக்கும் வேகத்தைவிட அனுப்பும் வேகம் முக்கியம். பயிற்சித் தேர்வின் விடைத்தாள்களைப் படமெடுத்துக் குறித்த நேரத்துக்குள் அனுப்ப வேண்டியுள்ளது. 10 மெகாபைட் கோப்பு 512 கிலோபிட் வேகத்தில் 160 விநாடி எடுக்கும். 40 மெகாபிட்டில் இரண்டே விநாடி. மாதிரி நேர்முகத் தேர்வில் முகம் உறைந்து குரல் அறுபட்டால், அதே நேரத்தில் வேறொருவர் கைப்பேசி தன் படங்களையெல்லாம் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மாணவர் தங்கும் விடுதியின் நிலை வேறு: ஆளுக்கு ஒரு காணொளி வகுப்பு என்றாலே 60 மெகாபிட். அங்கு 100 மெகாபிட்டுக்கு உயர்த்துவது நியாயமே. ஆனால் வீட்டுத் திட்டத்தை விடுதியில் பகிர நிபந்தனைகள் இடந்தருமா என்பதை உரிமையாளர் படித்துப் பார்க்க வேண்டும்.

சோதனையும் செலவும்

முடிவுக்கு முன் ஒரு மாலை செலவிட்டால் போதும். மடிக்கணினியை ரௌட்டருடன் கம்பியால் இணைத்து, மற்றக் கருவிகளை நிறுத்தி, வேகத்தை அளக்க வேண்டும். விடியற்காலையில் ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு ஒருமுறை. கம்பியில் முழு வேகமும் வைஃபையில் பாதியும் வந்தால் குறை வீட்டுக்குள். காலையில் முழுமையாகவும் இரவில் குறைவாகவும் வந்தால் குறை நிறுவனத்திடம். அப்போது புகார் மையத்தில் பதிவு செய்து எண் பெற்று, தீர்வு கிடைக்காவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை அணுக விதிகள் வழி செய்துள்ளன. இரு வேளையும் முழு வேகம் வந்தும், வீட்டாரின் தேவையைக் கூட்டினால் அதை மிஞ்சினால், உயர்த்துவதே சரி.

செலவைப் பார்ப்போம். 2020 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் நடைமுறைப்படுத்திய கட்டணங்களில் 30 மெகாபிட்டுக்கு 399 ரூபாய், 100 மெகாபிட்டுக்கு 699 ரூபாய். வேறுபாடு 300 ரூபாய். 18 விழுக்காடு வரியுடன் 354. ஆண்டுக்கு 4,248 ரூபாய். இத்தொகையில் நல்ல ரௌட்டர் ஒன்றை ஒரே முறை வாங்கிவிடலாம். ஓய்வூதியத்தில் வாழும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று.

பல மாதக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தினால் சலுகை என்று முகவர் கூறக்கூடும். அதை ஏற்குமுன், ஒரு மாதம் மட்டும் உயர்த்திப் பார்த்துப் பழைய திட்டத்துக்குத் திரும்ப இயலுமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. அந்த ஒரு மாதத்தில் வீட்டார் எவரும் மாற்றத்தை உணரவில்லையெனில், திரும்பிவிடலாம்.