பழைய பல்பைக் கழற்றிப் போன இளைஞர்கள்

குறைந்த மின்சாரத்தில் எரியும் மின்குமிழ்களை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த மிகப் பெரிய முயற்சிகளுள் ஒன்று கியூபாவில் நடந்தது. 2004, 2005ஆம் ஆண்டுகளில் அங்கே பழைய மின் நிலையங்கள் பழுதாகி, நீண்ட மின்வெட்டு மக்களை வாட்டியது. உற்பத்தியைக் கூட்டுவதோடு, வீடுகளில் வீணாகும் மின்சாரத்தையும் தடுக்க அரசு முனைந்தது. சமூகப் பணியாளர்கள் எனப்பட்ட இளைஞர்கள் தெருத் தெருவாகப் போனார்கள். குண்டு பல்பை வாங்கிக்கொண்டு சி.எஃப்.எல். பல்பை இலவசமாகக் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஆறே மாதத்தில் 90 இலட்சத்துக்கும் அதிகமான பல்புகள் மாறின. கனடாவில் 2005இல் உருவான ‘புராஜெக்ட் போர்ச்லைட்’ திட்டத்திலோ தொண்டர்கள் வீட்டுக்கு ஒன்றுதான் கொடுத்தார்கள். ஒன்றை எரித்துப் பார்த்தவர் அடுத்ததைத் தாமே வாங்குவார் என்ற கணக்கு அது.

புதிய பல்பைக் கொடுப்பது பாதி வேலைதான். வாங்கியவர் அதை அலுமாரியில் வைத்துவிட்டு, பழையது பியூஸ் போகட்டும் என்று காத்திருந்தால் ஓர் அலகுகூட மிச்சமாகாது. பழையதைக் கழற்றி எடுத்துப் போவதுதான் கியூபா இளைஞர்கள் செய்த பெரிய காரியம். அதற்கு வாசலுக்கு ஆள் வரவேண்டும்.

குண்டு பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை பழுக்கக் காய்ந்து வெளிச்சம் தருகிறது. அது உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை சி.எஃப்.எல். சுமார் 14 வாட்டிலும், எல்.ஈ.டி. சுமார் 9 வாட்டிலும் தருகின்றன.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் இந்தக் கணக்கு நேராக வீட்டுச் செலவைத் தொடுகிறது. மஃரிப் தொழுகை முடிந்து வீடு திரும்பும் வேளையில் ஊரே ஒன்றாக விளக்கேற்றுகிறது. இலங்கையில் மின்சாரத்தின் உச்ச நேரமாகக் கொள்ளப்படுவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை; எண்ணெயில் ஓடும் செலவு கூடிய மின் நிலையங்கள் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். மூன்று 60 வாட் பல்புகள் தினம் நான்கு மணி நேரம் எரிந்தால் மாதம் 21.6 அலகு. அவற்றுக்குப் பதில் 9 வாட் எல்.ஈ.டி. மூன்று எரிந்தால் 3.24 அலகுதான். மாதம் 75 அலகு செலவழித்த வீடு இதனால் 57 அலகுக்குள் வந்துவிடும். 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கட்டணம் வேறு என்பதால், அந்தக் கோட்டுக்குள் நிற்பது குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது அந்த ஆறுதலின் அருமை இன்னும் கூடியது.

இந்தக் கரையோரத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். அதனால் உம்மாவும் ராத்தாவும் தங்கச்சியும் பக்கத்துப் பக்கத்து வளவிலேயே இருப்பார்கள். ஒரு வீட்டில் பில் குறைந்தால் வேலிக்கு அப்பால் செய்தி போய்விடும். ஆனால் பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்குள் ஆண் பிள்ளைகள் போக முடியாது. இங்கே பல்பு மாற்றப் போகும் தொண்டர் குழுவில் இளம்பெண்கள் இருந்தால்தான் வேலை நடக்கும்.

பல்பை இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. இலங்கை மின்சார சபை 1990களின் நடுப்பகுதியிலேயே சி.எஃப்.எல். பல்புகளைக் கடனுக்குக் கொடுத்து, தவணையை மின்பட்டியலோடு அறவிட்டது. இந்தியாவில் 2015 ஜனவரி 5இல் தொடங்கிய உஜாலா திட்டம் 36 கோடிக்கும் அதிகமான எல்.ஈ.டி. பல்புகளை விநியோகித்தது. மொத்தமாக வாங்கியதால், 2014இல் 310 இந்திய ரூபாவாக இருந்த கொள்முதல் விலை சில ஆண்டுகளில் 38 ரூபாவாக இறங்கியது.

வீட்டுக்குப் போகும் தொண்டர் முதலில் பார்க்க வேண்டியது ஹோல்டரை. சில வீடுகளில் அழுத்தித் திருப்பும் பின் வகை, சிலவற்றில் திருகு வகை. பையில் இரண்டும் இல்லாவிட்டால் கொடுத்த பல்பு எரியாது. தரம் குறைந்த பல்பு சீக்கிரம் கெட்டுப்போனால், அடுத்த முறை வாசலுக்கு வருபவரை யாரும் நம்பமாட்டார்கள்.

சி.எஃப்.எல். பல்பில் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. வீட்டுக்குள் அது உடைந்தால் யன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, துடைப்பத்தால் கூட்டாமல் தடித்த அட்டையால் துண்டுகளை அள்ளி, மூடிய போத்தலில் இட வேண்டும். கெட்டுப்போன சி.எஃப்.எல்.லையும் குப்பையோடு கடற்கரையில் கொட்டக் கூடாது. எல்.ஈ.டி.யில் பாதரசம் இல்லை. ஆகவே இன்று வாசலுக்குக் கொண்டுபோக வேண்டியது எல்.ஈ.டி.; திரும்பும்போது வாங்கிவர வேண்டியவை குண்டு பல்பும் பழைய சி.எஃப்.எல்.லும்.