ஊறுகாய்க்காரரும் தோசை வார்த்த பாட்டியும்

பொருட்காட்சிக்குப் போகிறோம். முறம் அளவு டெல்லி அப்பளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டாலாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம். "வாங்கம்மா, ருசி பார்த்துட்டுப் போங்க!" என்று ஒரு பெண் சின்னக் கரண்டியில் ஊறுகாயை நீட்டுகிறாள். காலையிலிருந்து நின்று நின்று அவளுக்குக் கால் கடுத்திருக்கும். ஆனாலும் முகத்தில் சிரிப்பு மாறாது. நாமும் நாக்கைச் சப்புக் கொட்டி, "அப்புறம் வர்றோம்" என்று சொல்லி நழுவிவிடுகிறோம்!

இப்படி ஸ்டாலில் நின்று ருசி காட்டிப் பேர் வாங்கிய இருவரின் கதை இது. நடந்த இடம் சிகாகோ. ஆண்டு 1893.

சிகாகோ என்றதும் நமக்கு விவேகானந்தர் ஞாபகம்தான் வரும். சென்னை அன்பர்கள் வீடு வீடாய்ப் பணம் திரட்டி அவரை அனுப்பி வைத்தார்களே, அந்தச் சர்வமத மகாசபை அங்கே நடந்த மாபெரும் பொருட்காட்சியை ஒட்டிக் கூடியதுதான். கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400-வது ஆண்டு நினைவாக ஏற்பட்ட காட்சி அது. மே முதல் அக்டோபர் வரை ஆறே மாதத்தில் உள்ளே போன தலைகளைக் கூட்டினால் இரண்டே முக்கால் கோடி. அடேயப்பா!

மாடி ஏறாத கூட்டம்

பிட்ஸ்பர்க் நகரத்து ஹென்றி ஹெயின்ஸ் அங்கே ஊறுகாய் ஸ்டால் போட்டிருந்தார். பாவம், அவருக்குக் கிடைத்த இடம் விவசாய மண்டபத்தின் மாடி. கீழேயே சுற்றிக் களைத்துப்போன ஜனங்கள் மாடிப் படியைப் பார்த்ததும் திரும்பிவிட்டார்கள். சிப்பந்திகள் ஈ ஓட்டினார்கள்.

ஹெயின்ஸ் யோசித்தார். சின்னச் சின்னச் சீட்டுக்கள் அச்சிட்டார். 'இதை ஸ்டாலுக்குக் கொண்டுவந்தால் ஒரு ஞாபகப் பரிசு இலவசம்' என்று அறிவிப்பு. பையன்களை விட்டுக் காட்சி மைதானம் முழுவதும் அவற்றை இறைக்கச் செய்தார். பரிசு என்ன தெரியுமா? விரல் பருமன்கூட இல்லாத பச்சை வெள்ளரிக்காய்ப் பொம்மை! கடிகாரச் சங்கிலியில் மாட்டிக்கொள்ளலாம். அதன்மேல் ஹெயின்ஸ் பெயர்.

இலவசம் என்றால் எந்த ஊரிலும் ஒரே கதைதான். கூட்டம் மாடியை முட்டியது. தளம் தாங்காதோ என்று பயந்து முட்டுக் கொடுத்துப் பலப்படுத்தினார்களாம்!

அத்தை வேஷம்

அதே காட்சியில் இன்னொரு ஸ்டால். பிரம்மாண்டமான மாவுப் பீப்பாய் வடிவத்தில் கட்டியிருந்தார்கள். தண்ணீர் விட்டுக் கரைத்தவுடன் கல்லில் வார்க்கக்கூடிய 'பான்கேக்' மாவுக்கு விளம்பரம். பான்கேக் என்பது நம் ஊத்தப்பத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி. பாகு ஊற்றிக்கொண்டு சாப்பிடுவார்கள்.

அங்கே வார்த்துக் கொடுத்தவர் நான்ஸி கிரீன் என்ற கறுப்பினப் பெண்மணி. வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி அவருக்குத் தலையில் துணி கட்டி, 'ஜெமைமா அத்தை' என்று பெயர் சூட்டியது. அந்தப் பெயரோ, வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தாரைக் கேலி செய்து ஆடிய கூத்திலிருந்து வந்தது.

வார்த்துக் கொடுப்பதோடு வேலை முடியவில்லை. தெற்கத்திப் பண்ணைகளில் அந்தக் காலத்து வாழ்க்கை எத்தனை ஆனந்தமாக இருந்தது என்று சிரித்துச் சிரித்துக் கதை சொல்ல வேண்டும். கேட்டவர்கள் ரசித்தார்கள். சொன்னவருக்கு எப்படி இருந்திருக்கும்? நான்ஸி 1834-ல் கென்டக்கியில் அடிமையாகவே பிறந்தவர்! அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது 1865-ல்தான்.

அதே காட்சியில் ஹெய்ட்டி நாட்டு மண்டபத்தில் பொறுப்பேற்று நின்றவர் பிரெடரிக் டக்ளஸ். அவரும் அடிமையாகப் பிறந்தவர். கறுப்பின மக்களுக்குக் காட்சியில் உரிய இடம் தரவில்லை என்று ஐடா வெல்ஸ் என்ற வீராங்கனையும் அவரும் மற்றவர்களும் சேர்ந்து எழுதிய பிரசுரம் அங்கேதான் விநியோகமாயிற்று. அவர்களால் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. கரண்டி பிடித்தவர் சிரிக்க வேண்டியிருந்தது.

பெயர் யாருக்கு?

மாவு அமோகமாக விற்றது. அத்தையின் பெயர் வீடுதோறும் பரவியது. நான்ஸியின் பெயரோ மறைந்தது. 1923-ல் சிகாகோ வீதியில் கார் விபத்தில் அவர் இறந்தார். புதைத்த இடத்தில் ஒரு கல்கூட இல்லை. 2020-ல்தான் அங்கே பெயர் பொறித்த கல் வைத்தார்கள். அதே வருஷம், அத்தை பெயரையும் படத்தையும் கைவிடுவதாகக் கம்பெனி அறிவித்தது. 2021-ல் மாவுக்கு வேறு பெயர் வந்தது.

ஒரே பொருட்காட்சி. இருவருமே ருசி காட்டினார்கள். ஊறுகாய் முதலாளியின் பெயர் பாட்டில்மேல் நின்றது. கல்லுக்கு முன்னால் வெந்தவளுக்குத் தன் பெயர் திரும்பக் கிடைக்க 97 வருஷம் ஆயிற்று.

அடுத்த முறை பொருட்காட்சிக்குப் போகும்போது ஊறுகாயை வாங்குங்கள், வாங்காமலும் போங்கள். கரண்டியை நீட்டுகிற பெண்ணிடம், "உன் பேர் என்னம்மா?" என்று மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தச் சிரிப்பு அப்போது நிஜமாகவே மலரும்.