உடற்பயிற்சிக்கு முன் ஆயத்தப் பயிற்சி: பென்னலூர்த் தொழிலாளரை முன்வைத்து

மெல்லோட்டம், மூட்டுச் சுழற்சி முதலியவற்றால் உடலைச் சூடேற்றுதல் ஆயத்தப் பயிற்சி எனப்படும். இதனால் தசைகளின் வெப்பநிலையும் குருதியோட்டமும் உயர்கின்றன. தசைகளுக்கு உயிர்வளி எளிதில் கிடைக்கிறது. நரம்புத் தூண்டல்கள் விரைந்து பரவுகின்றன. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 பெண் கால்பந்தாட்டக்காரரிடம் நிகழ்த்தப்பெற்று 2008இல் வெளிவந்த ஆய்வில், வலிமை, சமநிலைப் பயிற்சிகளும் அடங்கிய 20 நிமிட ஆயத்தப் பயிற்சி, காயங்களை ஒட்டுமொத்தமாக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தமை அறியப்பட்டது.

திருப்பெரும்புதூரை அடுத்த பென்னலூர், ஒரகடம் பகுதிகளின் தொழிற்சாலைகளில் சுழற்சிமுறைப் பணி வழக்கிலுள்ளது. உடல்வெப்பம் பொதுவாக விடியற்காலையில் மிகக் குறைந்திருக்கும். ஆதலின் காலைப் பணிக்கு முன் பயிற்சி செய்வோருக்கு ஆயத்தம் கூடுதல் நேரம் வேண்டும். நின்றபடியே பணிபுரிவோருக்குக் கணுக்காற் சுளுக்கு ஊதிய இழப்பாகவும் முடியும். எனவே நேரமின்மையால் முதலில் கைவிடப்படும் இப்பகுதியே அவர்களுக்கு இன்றியமையாததாகிறது.