யூரியா வந்தபோது யாரும் கேட்கவில்லை

யாழ்ப்பாணம் புத்தூரை அடுத்த நவக்கிரியில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்படும் வரை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த நம் குடும்பத்தவர் பலருக்கு அது தெரிந்திருக்கும். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். சுண்ணாம்புக் கற்பாறையில் தேங்கும் மழைநீரை நம்பியே குடாநாடு வாழ்கிறது.

அந்தச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பல்லாண்டுகளாக யூரியா இட்டார்கள். விளைச்சல் பெருகியது. பயிர் உறிஞ்சாமல் விட்ட மிச்சம் மழையோடு இறங்கிக் கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேர்ந்தது. (மலசலகூடக் குழிகளுக்கும் இதில் பங்குண்டு.) உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்கவைத்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். கிருமிதான் சாகும். நீர் வற்ற வற்ற நைத்திரேற்றின் செறிவு கூடவே செய்யும்.

யூரியா வந்த நாளில், இது கிணற்றை என்ன செய்யும் என்று கேட்டவர் யார்?

இப்போது நனோ உரம் வந்திருக்கிறது. ஒரு மீற்றரை 100 கோடி கூறாக்கினால் வரும் ஒரு கூறுதான் நனோமீற்றர். அரசும் தனியார் நிறுவனங்களும் இணைந்து 2008இல் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தை அமைத்தன. எலும்பிலுள்ள கனிமத்தின் நனோத் துணிக்கைகளோடு யூரியாவைப் பிணைத்து, அதை மெல்லக் கரையச் செய்த ஆய்வை அங்குள்ள விஞ்ஞானிகள் 2017இல் வெளியிட்டார்கள். யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் நெல் நன்றாக விளைந்ததாம். மாஷா அல்லாஹ்! கிணறுகளுக்கும் இது நல்ல செய்திதான்.

ஆனால் 2021இல் நடந்ததைப் பாருங்கள். இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. பெரும்போகம் தொடங்கும் ஒக்டோபரில், இந்தியாவிலிருந்து வேறொரு சரக்கான நனோ நைதரசன் திரவம் விமானத்தில் வந்திறங்கியது. நிதானமாக விசாரித்துத் தெளிய விவசாயிக்கு அவகாசம் ஏது?

விசாரிப்பதற்கும் காசு வேண்டும். மனித மரபணு ஆய்வை 1990இல் தொடங்கிய அமெரிக்கா, அது மனிதரை எப்படிப் பாதிக்கும் என்று ஆராய நிதியில் முதலில் 3 வீதத்தையும் பிறகு 5 வீதத்தையும் ஒதுக்கியது. நனோவுக்கான 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சமூக, ஒழுக்கக் கேள்விகளுக்கு இடமளித்தது. 2005இல் அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே மையங்கள் எழுந்தன. செல்வந்த நாடு, செய்யலாம் என்பீர்கள். நூறு ரூபாயில் மூன்று ரூபாய் அவ்வளவு பெரிய தொகையா?

ஊருக்குக் கிணறு தோண்டிக் கொடுப்பதை ஸதகதுல் ஜாரியா என்கிறோம். அந்த நீரைச் சோதிப்பதற்கும், புது உரம் பற்றி வெங்காயம் நடும் பெண்ணையும் தண்ணீர் அள்ளும் பெண்ணையும் கேட்டு எழுதுவதற்கும் ஆகும் செலவை அந்தக் கணக்கில் சேர்க்கலாகாதா? பள்ளிவாசல் நிர்வாகத்திடம் இதைப் பேசும்படி வீட்டு ஆண்களிடம் சொல்லுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதுவரை காத்திராமல், உங்கள் கிணற்று நீரை இந்த வாரமே சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.