ஆட்டுக்கு இல்லாத கம்பளி எருக்குக்கு எதற்கு?

செம்மறி என்றால் உடம்பெல்லாம் சுருட்டைக் கம்பளி என்று நினைக்கிறோம். பாடப் புத்தகப் படம் செய்த வேலை அது. திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பக்கத்து மந்தைகளைப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில், தோலோடு படிந்த குட்டை முடிதான் இருக்கும். வெளியூர்க்காரர்கள் வெள்ளாடு என்றே நினைப்பார்கள். வால் தூக்கியிருந்தால் வெள்ளாடு, தொங்கினால் செம்மறி, அதுதான் அடையாளம்.

கால்நடைத் துறையினர் இந்த இனத்தை ‘மெட்ராஸ் ரெட்’ என்பார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களே இதன் சொந்தச் சீமை. காட்டுப்பாக்கத்தில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இதன் தரம் உயர்த்தும் வேலையைச் செய்கிறது. வளர்ப்பது கறிக்கு, கத்தரித்து விற்க ரோமம் கிடையாது.

காட்டுச் செம்மறிக்கு இரண்டு அடுக்கு உண்டு: மேலே முரட்டு முடி, அடியில் மெல்லிய கம்பளி. குளிர்நாட்டு மனிதர்கள் அடி அடுக்கைப் பெருக்கினார்கள். கம்பளி நெளிநெளியாக இருப்பதால் இடையில் காற்று சிக்கிக்கொண்டு உடம்புச் சூட்டை வெளியே விடாது. ஊட்டியில் நீலகிரி இனத்துக்கு அது வரம். மே மாதத்துச் செங்கல்பட்டில் தண்டனை. ஐப்பசி மழையில் நனைந்தாலோ கம்பளி சீக்கிரம் உலராது. குட்டை முடி சட்டென்று காய்ந்துவிடும்.

கம்பளி இல்லாததில் இன்னொரு லாபம் உண்டு. அடர்ந்த கம்பளி முளைக்கும் தோலில் மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் நெருக்கமாக இருக்கும். பதனிட்டால் அந்த அடுக்கு தளர்ந்துபோகும். முடி ஆட்டின் தோல் இறுக்கமானது, கையுறைக்கும் காலணிக்கும் தோதானது. பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் ஷாப்புக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆடு உதறிய கம்பளியை அதே சீமையில் ஒரு செடி போர்த்திக்கொண்டிருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகும் வழியில், மணல் கண்ட இடமெல்லாம் எருக்கு. அதன் கொழுந்து இலையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் வெள்ளை மாவு போல உதிரும். அடியில் பச்சை தெரியும். உதிர்வது மாவல்ல, இலையின் மேல்தோலிலிருந்து வளர்ந்த நுண்ணிய ரோமங்கள்.

ஆட்டுக்குச் சூடு வெளியேற வேண்டும். எருக்குக்குத் தண்ணீர் வெளியேறக் கூடாது. கதை அவ்வளவுதான். வெள்ளை ரோமம் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. கடற்காற்று இலையை நேரே தொட்டு ஈரத்தை உறிஞ்சாதபடி, அசையாத காற்றை இலைமேல் பிடித்துவைக்கிறது. சின்னப் பூச்சிகள் கால் ஊன்றி நடக்கவும் சிரமம். இலை முற்ற முற்ற ரோமம் குறையும். காபந்து அதிகம் தேவைப்படுவது கொழுந்துக்குத்தான்.

எருக்கங்காய் வெடித்துப் பறக்கும் பஞ்சும் ரோமமே. விதையைக் காற்றில் தூக்கிச் செல்வது அதன் வேலை. நாம் உடுத்தும் பருத்தியும் விதையின் ரோமம்தான். பருத்தி இழை உலரும்போது முறுக்கிக்கொள்வதால் நூலாகப் பிடிக்கிறது. எருக்கம் பஞ்சு வழவழப்பானது, வழுக்கும். தனியாக நூற்பது கடினம். பட்டுப் போன்ற பளபளப்பு இருந்தும் அது தறிக்கு அதிகம் போகாததற்கு அதுவே காரணம்.

இலையைத் தேய்த்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காம்பு முறிந்தால் பால் வடியும். அது கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்பட்டுப் பார்வை மங்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே கண் டாக்டரிடம் போங்கள்.